மஞ்சள் சிவந்த மண்

1

போன வாரம் உசிலம்பட்டிச் சந்தையில் ஒரு கூட்டம். விவசாய இலாகாவிலிருந்து வந்திருந்த ஒருவர் வேப்பமர நிழலில் மேசை போட்டு, கண்ணாடிக் குவளைகளில் மண்ணைக் கரைத்து வைத்திருந்தார். ஒவ்வொரு குவளையிலும் ஒரு துண்டுக் காகிதத்தை முக்கி எடுத்து, "இது காரம், இது புளிப்பு" என்று எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினார். சிவப்புக் காகிதம் நீலமானதும் ஆட்கள் மோடி வித்தை பார்க்கிறதுபோல வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

"அம்மா, நம்ம மஞ்சத் துணி மாதிரியே செய்றாக!" என்று என் மகள் சத்தமாகச் சொல்லிவிட்டாள்.

அவர் காதில் விழுந்துவிட்டது. "என்ன மஞ்சத் துணி?" என்று கேட்டார்.

"பினாங்குக்காரியக் கேளுங்க சார், அதுதான் அந்த வித்தையெல்லாம் செய்யும்" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. கூடையைத் தூக்கிக்கொண்டு நான் நடந்துவிட்டேன். வீடு வந்து சேரும்வரை மனது ஒரு நிலையில் இல்லை. அதை எழுதிவிட்டால் தேவலாம் என்றுதான் உங்கள் பினாங்குப் பத்திரிகைக்கு இந்தக் குறிப்புகளை அனுப்புகிறேன்.

உங்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கலாம். பினாங்கில் மலையடிவாரத்தில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த முத்தையாவின் ஒரே மகள் பாக்கியம் நான். அங்கேயே பிறந்தேன், அங்கேயே படித்தேன். உங்களுக்கெல்லாம் ஊர் என்றால் கடலுக்கு இந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அந்தப் பக்கத்தை ஊர் என்கிறேன். இங்கே யாருக்கும் அது புரியாது. "பொறந்தது வேணா அங்கிட்டு இருக்கட்டும். ஊருன்னா இதுதானத்தா?" என்று சிரிக்கிறார்கள்.

2

என் கணவர் பெயர் வீரணன். எழுத முடிகிறது, இங்கே வாயால் சொல்லத்தான் கூடாது. உசிலம்பட்டிக்கு மேற்கே மானாவாரி வெள்ளாமை செய்கிற குடும்பம் அவருடையது. பிழைப்புக்காகப் பினாங்கு வந்து, துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் கணக்குப்பிள்ளையாக இருந்தபோது என்னைக் கட்டினார். அவருடைய தங்கை செல்லத்தின் கல்யாணத்துக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நடை பழகிக்கொண்டிருந்த மகளோடு என்னைக் கப்பலேற்றிவிட்டார். "மூணு மாசம் இருந்துட்டு வா, அண்ணனும் மதினியும் உன்னைப் பாத்ததே இல்ல" என்றார். கரையில் அவரும் என் அப்பாவும் அடுத்தடுத்து நின்றார்கள். அப்பா தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தார்; காலில் சேறு காய்ந்திருந்தது.

கல்யாணம் முடிந்து திரும்புவதற்குச் சீட்டு எடுக்க வேண்டிய சமயத்தில் சண்டை மலாயாவுக்கு வந்துவிட்டது. முதலில் கப்பல் இல்லை என்றார்கள். பிறகு தபால் இல்லை. பிறகு, பினாங்கே ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது என்றார்கள்.

என் கணவரின் அண்ணன் ஒச்சப்பன்தான் வீட்டுக்குப் பெரியவர். மச்சான் என்று கூப்பிடுவேன். அவர் துணையில்லாமல் நான் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. விசாரிக்க வேண்டும் என்று நான் அழும்போதெல்லாம் பஸ் ஏற்றி மதுரைக்குக் கூட்டிப்போவார். அங்கே கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் எங்களைப்போல நிறையப் பேர். முறை வந்ததும் குமாஸ்தா கேட்பார்:

"உங்க வீட்டுக்காரர் எங்க இருக்காரு?"

"பினாங்குல சார்."

"அது இப்ப நம்ம கையில இல்லையேம்மா."

"அவர் எப்படி இருக்காருன்னு யாருகிட்டக் கேக்கிறது?"

"மனு எழுதிக் குடுங்க."

"போன தடவை குடுத்தேனே சார்."

"அது போன தடவை."

மனுவில் சொந்த ஊர் என்ற இடத்தில் பினாங்கு என்று எழுதியிருந்தேன். அவர் அதை அடித்துவிட்டுக் கணவர் ஊரை எழுதினார். "கல்யாணம் ஆயிட்டா புருஷன் ஊருதாம்மா சொந்த ஊரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு எழுத்துப் பிழையைத் திருத்துகிற மாதிரி சொன்னார்.

பினாங்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடலோ மலையோ கண்ணை மறிக்கும். இங்கே வெட்டவெளி. அறுப்பு முடிந்த புன்செய்க் காட்டில் நின்றால் எங்கெங்கோ இருக்கிற பனைமரம்கூடத் தெரியும். ஆனால் அந்த வெளியில் நான் தனியாக ஒரு பர்லாங் நடந்தாலும் யாராவது ஒருவர், "எங்கிட்டுத்தா போற?" என்று கேட்டுவிடுவார்கள். கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. எனக்குத்தான் மூச்சு முட்டும்.

பேச்சு வேறு காலை வாரியது. சந்தையைப் 'பசார்' என்பேன். தோட்டத்தைக் 'கெபுன்' என்பேன். சிறுசுகள் என் பின்னாலேயே "கெபுன், கெபுன்" என்று கத்திக்கொண்டு ஓடும். என் மகளுக்கு நாங்கள் வைத்த பெயர் வசந்தா. வந்த கொஞ்ச நாளிலேயே குலதெய்வத்தின் பெயரைச் சொல்லி மாயக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான் "வசந்தா" என்று கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் தன் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருப்பாள்.

3

சண்டைக் காலத்தில் அரிசிக்கு நீங்கள் பட்ட பாட்டோடு பார்த்தால் நாங்கள் பட்டது ஒன்றுமில்லை. ஆனாலும் இங்கேயும் முடைதான். மழையும் பொய்த்தது. கேப்பைக் களியும் சோளச் சோறும்தான். அடுப்படி, தானியக் குதிர் எல்லாம் ஒச்சப்பன் மச்சானின் மனைவி பேச்சி அக்காவின் கையில். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. என் மகளுக்குத் தன் வாய்க்குப் போவதை ஊட்டுவாள். எனக்கும் குறை வைத்ததில்லை. ஆனால் தட்டில் இரண்டாம் உருண்டை விழும்போது எனக்குத் தொண்டையில் இறங்காது. அந்த வீட்டில் நான் விருந்தாளியாக வந்தவள். விருந்து முடிந்தும் போக வழியில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

"மச்சான், எனக்குக் கொஞ்சம் இடம் குடுங்க, காய்கறி போடறேன்" என்று ஒரு நாள் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை, யோசித்தார். பிறகு மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால், கிணற்றை ஒட்டிக் கிடந்த துண்டைக் கையால் காட்டினார். "அந்தா கெடக்கு, எடுத்துக்க. ஆனா அது களருத்தா. எம்புட்டுச் சாணி போட்டாலும் திங்காது."

அவர் சொன்னதை நான் 'கலர்' என்று எடுத்துக்கொண்டேன். மண் வெளுத்துப்போய், மேலே உப்புப் பூத்த மாதிரித்தான் இருந்தது. கலர் சரியில்லை என்கிறார் என்று நினைத்து, "கலர் எப்படி இருந்தா என்ன மச்சான், நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். களர் என்று ஒரு சொல் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் தோட்டம். அங்கே மண் கறுப்பு; அள்ளினால் ஈரப் பஞ்சு மாதிரி இருக்கும். வாய்க்காலில் தண்ணீர் தேயிலைச் சாயம்போல ஓடும். செடி வளராமல் குன்றி நின்றால் அப்பா, "மண்ணுல புளிப்பு ஏறிருச்சு" என்பார். சிப்பி சுட்ட சுண்ணாம்பை வாங்கிவந்து தூவுவார்; அடுப்புச் சாம்பலைக் கொட்டுவார். அடுத்த போகத்தில் கீரை கருகருவென்று எழும்பும். அந்தச் சுண்ணாம்பு வாசமும் ஈர மண் வாசமும் கலந்து வருவதை முகர்ந்துதான் நான் வளர்ந்தேன்.

அதனால் இங்கேயும் அதையே செய்தேன். நிலத்தைக் கொத்தி, சாம்பலைக் கொட்டி, காளவாசலிலிருந்து சுண்ணாம்பு கேட்டு வாங்கித் தூவினேன். பேச்சி அக்கா இடுப்பில் மகளை வைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"எதுக்குத்தா சுண்ணாம்பு? செவுத்துக்கா அடிக்கப் போற?"

"எங்க ஊர்ல இப்படித்தான் போடுவோம்க்கா" என்றேன். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும்.

கீரையும் மிளகாயும் தக்காளியும் விதைத்தேன். கிணற்றில் இறைத்து ஊற்றினேன். முளைத்தது. இரண்டு இலை விட்டது. மூன்றாவது இலையின் ஓரம் நெருப்பில் காட்டினதுபோலக் கருகியது. பிறகு மொத்தமும் மஞ்சளாகி விழுந்தது. மறுபடியும் சுண்ணாம்பு போட்டு விதைத்தேன். இந்தத் தடவை முளைக்கவே இல்லை. மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்து ஓடுபோல நின்றது.

செடி செத்தது பெரிதில்லை. கிணற்றடியில் பேச்சு கிளம்பியதுதான் பெரிது. "அவ கை பட்டா வெளங்கல பாரு. அங்கிட்டு அவ புருஷங்காரன்..." என்று ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். நான் குடத்தோடு வருவதைப் பார்த்ததும் மிச்சத்தை விழுங்கிக்கொண்டாள். அந்த மிச்சம் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு பேச்சி அக்கா என் மகளைத் தன் பக்கத்திலேயே படுக்கவைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். "நீ வெயிலு தாங்காம அசந்து கெடக்க, எங்கிட்டயே கெடக்கட்டும்" என்றாள். அவள் அதைக் கருணையாகத்தான் சொன்னாள். எனக்கு மறுக்கத் தெரியவில்லை. மகள் அவளை ஆத்தா என்று கூப்பிட்டாள்.

4

செல்லம் தலைப்பிரசவத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆண் பிள்ளை. அவள் புருஷன் வீட்டார் வந்து தாயையும் பிள்ளையையும் கூட்டிப்போகிற நாளில் வீடு நிறைய ஆட்கள். ஆரத்திக்கு மஞ்சள் அரைக்கச் சொன்னார்கள். நான் கையால் அரைத்து, கரண்டியால் சுண்ணாம்பு சேர்த்துக் கரைத்து, தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

உறவில் மூத்த ஒரு அம்மாள் என் கையைப் பிடித்தாள். "நீ தூக்க வேணாம்த்தா. தப்பா நெனைக்காத. அவன் இருக்கானா இல்லையான்னு ஒரு தாக்கல் வரட்டும். அப்புறம் எல்லாத்துக்கும் நீயே முன்ன நிக்கலாம்."

தட்டை இன்னொருத்தி வாங்கிக்கொண்டாள். செல்லம் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய கல்யாணத்துக்காகத்தான் நான் கடல் தாண்டி வந்தேன்.

பின்வாசல் வழியாக வெளியே வந்தேன். போவதற்கு வேறு இடம் இல்லை. அந்தச் செத்த மண்ணுக்குத்தான் போனேன். கிணற்றடித் தண்ணீர் வழிந்து ஓரத்தில் மண் ஈரமாக இருந்தது. ஆத்திரத்தில் இரண்டு கையாலும் அள்ளி வீசினேன். திரும்பத் திரும்ப அள்ளினேன். கையைப் பார்த்தேன். உள்ளங்கை இரண்டும் சிவந்து கிடந்தன. கல் கிழித்துவிட்டது என்று நினைத்துக் கழுவினேன். காயம் ஒன்றும் இல்லை. கையில் ஒட்டியிருந்த மஞ்சள்தான் சிவந்திருந்தது.

வீட்டுக்குள் குலவைச் சத்தம் கேட்டது. நான் கிணற்றுமேட்டில் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். ஆரத்தி கரைக்கிற யாருக்கும் தெரியும். ஆனால் நான் அள்ளியது பாத்திக்கு வெளியே இருந்த மண். அதில் நான் சுண்ணாம்பே தூவவில்லையே?

பினாங்கில் பள்ளிக்கூடத்தில் மிஸ் ஒருத்தி எங்களுக்குக் காகிதம் முக்கிக் காட்டியிருக்கிறாள். எலுமிச்சைச் சாறு ஒரு பக்கம், சுண்ணாம்புத் தண்ணீர் இன்னொரு பக்கம். புளிப்புக்கு ஒரு நிறம், காரத்துக்கு ஒரு நிறம். காகிதம் இல்லாவிட்டால் மஞ்சளும் செம்பருத்திப் பூவும்கூடச் சொல்லும் என்றாள். பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துபோன பாடம்.

மறுநாள் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து, மஞ்சளில் தோய்த்து நிழலில் காயவைத்தேன். ஒரு சிரட்டையில் பாத்தி மண், ஒன்றில் கொட்டத்து ஓரத்து மண், ஒன்றில் மச்சானின் காட்டு மண், ஒன்றில் கம்மாய் வண்டல். எல்லாவற்றிலும் குடிக்கிற தண்ணீரை ஊற்றிக் கலக்கி, தெளிந்ததும் துணியை முக்கினேன். வண்டலில் துணி மஞ்சளாகவே இருந்தது. காட்டு மண்ணில் நிறம் மாறினதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. கொட்டத்து ஓரத்து மண்ணில் துணி சிவந்தது. என் பாத்தி மண்ணில் குங்குமம்போல ஆகிவிட்டது. பாத்தியில் கிடந்த சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கல்லை எடுத்து அதன்மேல் எலுமிச்சம்பழம் பிழிந்தேன். சுர்ரென்று நுரைத்தது.

அப்பாவின் மண் புளிப்பு. சுண்ணாம்பு அதை மாற்றியது. இந்த மண்ணோ பிறவியிலேயே காரம். அதன் தலையில் நான் மேலும் மேலும் சுண்ணாம்பைக் கொட்டியிருக்கிறேன்.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு அன்றைக்கு அழுகைதான் வந்தது. ஆனால் கூடவே நெஞ்சில் இருந்த ஒரு பாரம் இறங்கியது. செடி கருகியது என் கையால் இல்லை, என் தாலியால் இல்லை. மண்ணின் குணம் அது, அவ்வளவுதான். துணிகளை எடுத்துப்போய் மச்சானிடம் காட்டினேன்.

"அதான் அன்னைக்கே சொன்னேன்ல, களருன்னு" என்றார்.

"களருன்னா இதுதானா மச்சான்?"

"பின்ன? நீ என்னன்னு நெனச்ச?"

கலர் என்று நினைத்ததைச் சொன்னேன். அந்த மனிதர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

5

வியாதி தெரிந்துவிட்டது. மருந்துக்கு யோசித்தேன். சுண்ணாம்பு காரம் என்றால், அதற்கு எதிரில் நிற்கிறது எது? அப்பாவின் மண்ணைப் புளிப்பாக்கியது எது? இலைதழை விழுந்து, தண்ணீரில் ஊறி, அழுகி அழுகித்தான் அந்த மண் அப்படி ஆனது என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படியானால் இங்கேயும் இலையை அழுக வைக்க வேண்டும். மேலே பூத்த உப்பை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி வெளியேற்ற வேண்டும். கம்மாய் வண்டலைக் கொண்டுவந்து கலக்க வேண்டும்.

"ரெண்டு வண்டி வண்டல் அடிச்சுக் குடுங்க மச்சான்."

"காட்டுக்கே பத்தல. களருல கொண்டாந்து கொட்டவா?" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். அதுவும் நியாயம்தான். அந்தக் காட்டில் விளைந்தால்தான் எங்கள் எல்லாருக்கும் கஞ்சி.

கூடையை எடுத்துக்கொண்டு நானே கம்மாய்க்குப் போனேன். மகளும் சின்னக் கொட்டானில் மண்ணைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். சில நடை போனபிறகு வரப்பில் பேச்சி அக்கா எதிரே வந்தாள். கையில் கூடை.

"புள்ள கழுத்து என்னத்துக்கு ஆகும்? இறக்குடி மாயக்கா. நான் செமக்கிறேன்."

அப்படித்தான் அக்கா என் பாத்திக்கு மண் சுமந்தாள். எனக்காக இல்லை. ஆனாலும் சுமந்தாள்.

எருக்கு, ஆவாரை, கொழிஞ்சி என்று கிடைத்த தழையெல்லாம் வெட்டிப் போட்டு மிதித்தேன். சுற்றிலும் வரப்பு கட்டி மழைத் தண்ணீரைத் தேக்கினேன். கலங்கியதும் ஒரு பக்கம் வெட்டி வெளியே விட்டேன். நாற்றம் தாங்காமல் மாடுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மஞ்சள் துணியை முக்கிப் பார்ப்பேன். குங்குமச் சிவப்பு குறைந்தது. அடுத்த வருஷ மழைக்குப் பிறகு, சிவப்பு என்று சொன்னால்தான் சிவப்பு என்கிற அளவுக்கு வந்தது. கிணற்றடிப் பெண்கள் முதலில் அதை மாந்திரீகம் என்றார்கள். பிறகு, "எங்க கொல்ல மண்ணையும் பாத்துச் சொல்லுத்தா" என்று முந்தானையில் மண் முடிந்துகொண்டு வந்தார்கள்.

முதலில் கீரை நின்றது. கொத்தவரை ஏறியது. பிறகு கத்தரி பிடித்துக்கொண்டது. காய் சின்னதுதான், ஆனால் கொத்துக் கொத்தாய். மிளகாய் மட்டும் கடைசிவரை கோபித்துக்கொண்டு நின்றது. முதல் காய் பறித்த அன்று, பினாங்கு போய்ச் சேர்ந்ததும் அப்பாவிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். அவர் நம்பமாட்டார். சுண்ணாம்பு போட்டால் செத்துவிடுமா, என்ன மண்ணு அது என்று கேட்பார்.

6

சண்டை ஓய்ந்து, கப்பல் ஓட ஆரம்பித்து, ஒரு பகல் வேளையில் அவர் வந்தார். நான் பாத்தியில் தழை மிதித்துக்கொண்டிருந்தேன். வேலியோரம் ஒரு எலும்புக்கூடு துணி மூட்டையோடு நின்றது. பிச்சைக்காரன் என்று நினைத்து, "வாசப்பக்கம் போங்க" என்றேன். "பாக்கியம்" என்றார்.

அவரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அங்கே பட்டதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலில் ஆறாத புண். வீட்டு முற்றத்து மண்ணில் அப்படியே படுத்துக்கொண்டார். எழுப்பினாலும் எழவில்லை. "வந்து சேந்துட்டேன்ணே, வந்து சேந்துட்டேன்" என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். மகள் பேச்சி அக்காவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் கேட்டேன். "எப்பக் கெளம்பலாம்?"

"எங்க?"

"பினாங்குக்கு."

அவர் முகம் மாறிவிட்டது. "அந்தப் பேச்சே வேணாம் பாக்கியம். இனி கடலைக் கண்ணால பாக்க மாட்டேன்."

"அப்பா தனியா இருப்பாரு."

எழுந்து கிணற்றுப் பக்கம் போய்விட்டார். எப்போது அப்பா பேச்சை எடுத்தாலும் இதுதான் நடந்தது. இத்தனை வருஷம் நான் அவருக்காகக் காத்திருந்ததே, அவர் வந்தால் என்னை ஊருக்குக் கூட்டிப்போவார் என்றுதான். அவரோ தன் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

கத்தரிக்காய் விற்கப் போகிறேன் என்று சொல்லி நான் தனியாகவே மதுரைக்குப் பஸ் ஏறினேன். முதல் தடவை. அதே வராந்தா, ஆள் மட்டும் வேறு. பயண அனுமதிக்குக் காகிதம் கொடுத்தார். "வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்" என்றார். கொண்டுவந்து என் கணவரிடம் நீட்டினேன். வாங்கி மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார். தை போய் மாசி வந்தது. நான் கேட்பேன், அவர் பார்க்கலாம் என்பார்.

ஒரு நாள் உச்சி வெயிலில் பாத்திக்கு வந்து என் பக்கத்தில் குந்தினார். களை எடுக்கிறவர்போலக் கையை வைத்துக்கொண்டே சொன்னார்.

"மாமா இல்ல பாக்கியம்."

எனக்கு முதலில் யாரென்று புரியவில்லை.

"நீ வந்த ரெண்டாம் வருஷமே போயிட்டாரு. தோட்டத்தப் பட்டாளத்துக்குன்னு புடுங்கிக்கிட்டாங்க. செடியெல்லாம் சிதைச்சு மரவள்ளி போட்டாங்க. பக்கத்துச் சீனன் குடிசையில ஒண்டிக்கிட்டுக் கெடந்தாரு. காய்ச்சல். மருந்து எங்க கெடைக்கும்? நான்தான் கொள்ளி வச்சேன். கருமாதி செய்யக்கூட விடல. அதுக்குள்ள எங்கள ரயில் ஏத்திட்டாங்க."

"வந்த அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன செய்வ? அங்கிட்டு ஒருத்தர் இருக்காருன்னு நெனச்சுக்கிட்டாச்சும் நீ இருப்பன்னு பாத்தேன்."

எழுந்து உள்ளே போய் அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தார். கையெழுத்துப் போட்டிருந்தது. "உன்னக் கட்டிப் போடல. பொறந்த எடத்தப் பாக்கணும்னா போயிட்டு வா. ஆனா மாயக்கா வராது. நீயே கேட்டுக்க."

கேட்டேன். அவள் கொட்டத்தில் கன்றுக்குட்டிக்கு அகத்தி ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பினாங்குல பேச்சி ஆத்தா இருக்குமா?"

"இருக்காது."

"அப்ப நீ போயிட்டு வாம்மா" என்றாள். அவளுக்கு அது சந்தைக்குப் போய்வருகிற மாதிரி. நான் அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். கையிலிருந்த அகத்திக் கொப்பைக் கன்று இழுத்ததும் நழுவி ஓடிவிட்டாள்.

7

நான் போகவில்லை. போய் யாரைப் பார்க்க?

விஷயம் தெரிந்ததும் ஒச்சப்பன் மச்சான் என்னிடம் வந்து நின்றார். எப்போதும் திரும்பி நின்று பேசுகிறவர், அன்றைக்கு நேரே பார்த்துப் பேசினார்.

"உங்கப்பனுக்கு ஆம்பளப் புள்ள இல்லைல?"

"இல்ல மச்சான்."

"கொள்ளி வச்சவன் கருமாதி முடிக்காம விடக் கூடாது. அவனுக்குக் காலு அந்தக் கதி, தண்ணியில எறக்க முடியாது. நான் செய்றேன். நானும் அவருக்கு மருமகன் மொறைதான்."

மதுரைக்குப் போய் வைகையில் முங்கி, மீசையையும் தலையையும் மழித்துக்கொண்டு வந்தார். இந்தப் பக்கத்தில் மீசையை எடுப்பது சின்ன விஷயம் இல்லை. தான் கண்ணால் கண்டிராத ஒரு பினாங்குக் கிழவருக்காக அதை எடுத்தார். அவர் மொட்டைத் தலையோடு வாசலில் வந்து நின்றபோது எனக்கு இரண்டும் ஒன்றாக வந்தது. அவர் காலில் விழ வேண்டும்போல இருந்தது. இனி இந்த வீட்டைவிட்டு எந்தக் காலத்திலும் கிளம்ப முடியாது என்றும் தெரிந்தது. கப்பல் இல்லாதபோதுகூட எனக்கு ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. அது அந்த வாசலில் முடிந்தது.

பேச்சி அக்கா படையலுக்கு இலை விரித்தாள். அரிசிச் சோறு அன்றைக்குத்தான். என் பாத்தியில் பறித்த கத்தரிக்காயை எண்ணெய் விட்டு வதக்கி அவளே முதலில் வைத்தாள். "மக கையால வெளஞ்சது. அந்த மனுசன் மனசு குளுரும்" என்றாள். கூடியிருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஆரத்தித் தட்டைத் தூக்க வேண்டாம் என்ற அம்மாளும் அங்கேதான் இருந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என் அப்பா ஆயுசுக்கும் கத்தரிக்காய் தொட்டதில்லை. உடம்பு அரிக்கும் என்பார். வீட்டில் சமைத்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். இங்கே அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். கணவருக்கும் தெரிந்திருக்கலாம், அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மகள் என் மடியில் வந்து உட்கார்ந்து இலையையே பார்த்தாள்.

"தாத்தாவுக்குக் கத்தரிக்கா புடிக்குமாம்மா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"புடிக்கும்" என்றேன்.